தோளுக்கும் ஒரு கணக்கு உண்டு

மாலை வேளையில் தோட்டக் குடியிருப்பின் பின்பக்கமாக நடந்து சென்றால், இரும்புக் குழாயைத் தரையில் இறக்கி வைக்கும் ஓசையைக் கேட்கலாம். காலியான மைலோ டின்னில் சிமெண்டைக் கரைத்து ஊற்றி, அது இறுகுமுன் குழாயைச் செருகி, மறுமுனையிலும் அவ்வாறே செய்துவிட்டால் ஒரு பளு ஆயத்தமாகிவிடும். நம் இளைஞர்களில் பலர் முதன்முதலில் தூக்கிப் பழகியது இத்தகைய பளுவைத்தான். இப்போது சிலர் மோட்டார் சைக்கிளில் பட்டணத்து ஜிம்முக்கும் சென்று வருகின்றனர்.

இது நல்ல பழக்கம் என்பதில் நமக்கு ஐயமில்லை. மாலைப் பொழுதைச் சம்சுக்குக் கொடுப்பதைவிட உடம்புக்குக் கொடுப்பது மேலன்றோ? பளுப் பயிற்சி தசையை மட்டுமன்றி எலும்பையும் உறுதியாக்குகிறது. நீரிழிவு நோய் வரும் வாய்ப்பைக் குறைக்கிறது. வந்தவருக்கும் இரத்தத்தில் உள்ள சர்க்கரையைக் கட்டுப்படுத்த உதவுகிறது. ஆயினும் இப்பயிற்சியில் ஈடுபடுவோரை அடிக்கடி வாட்டுவது தோள்வலி. அந்த வலி ஏன் வருகிறது, வந்தால் என்ன செய்வது, வராமல் காப்பது எப்படி என்பவற்றை இன்று பார்ப்போம்.

பளு தூக்குவது நமக்குப் புதியதன்று. நம் முன்னோர் விட்டு வந்த தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் இளவட்டக்கல் என்ற உருண்டைக் கல் கிடக்கும். அதைத் தரையிலிருந்து எடுத்து, நெஞ்சில் அணைத்து, தோளுக்கு ஏற்றிப் பின்புறம் தள்ளுபவனே வலிமை வாய்ந்தவன் என்று ஊரார் கருதினர். பெண் கொடுக்குமுன் இதைச் சோதித்துப் பார்த்த ஊர்களும் உண்டு என்பர். கர்லாக்கட்டை சுழற்றுவதும் நம்மவர் பயிற்சிதான்.

கிரேக்க நாட்டவர் சொல்லும் கதையொன்றும் உண்டு. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் அவர்களிடையே மைலோ என்ற மல்யுத்த வீரர் இருந்தார். அவர் ஒரு கன்றுக்குட்டியை நாள்தோறும் தோளில் தூக்கி நடந்தாராம். கன்று வளர வளர அவர் வலிமையும் வளர்ந்தது. கடைசியில் முழு வளர்ச்சி பெற்ற காளையையே தூக்கினாராம். நாம் காலையில் அருந்தும் பானத்துக்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். கதை மிகையாக இருக்கலாம். ஆனால் அதில் ஒரு பாடம் இருக்கிறது. கன்று ஒரே இரவில் காளையாவதில்லை. எடை சிறிது சிறிதாகக் கூடியது. தோள் அதற்கு ஈடு கொடுத்தது. நம் இளைஞர்களோ அந்த மைலோவின் பெயர் தாங்கிய டின்னைத் தூக்கிய இரண்டாம் வாரமே காளையைத் தூக்கப் பார்க்கின்றனர்!

இனி, தோளின் அமைப்பைக் காண்போம். சமையலறையிலிருந்து ஒரு சிறிய தட்டையும் ஓர் எலுமிச்சம் பழத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டைச் செங்குத்தாகப் பிடித்து, அதன் முகத்தில் பழத்தை ஒட்டி வையுங்கள். பிடித்துக்கொள்ளாவிட்டால் பழம் விழுந்துவிடும் அல்லவா? நம் தோள்மூட்டும் ஏறத்தாழ அப்படிப்பட்டதே. மேற்கை எலும்பின் தலை உருண்டையாக இருக்கிறது. அது பொருந்தும் குழியோ ஆழமற்றது. எந்த நேரத்திலும் அந்த உருண்டையின் சிறு பகுதியே குழியைத் தொட்டுக்கொண்டிருக்கும். இடுப்பு மூட்டின் குழி ஆழமானது. ஆகவே அது உறுதியானது. தோளின் குழி ஆழம் குறைந்தது. ஆகவேதான் கையை மேலே, கீழே, முன்னே, பின்னே என்று எப்புறமும் சுழற்ற முடிகிறது. நிறைய அசைவைப் பெற்ற மூட்டு, அதற்கு விலையாக உறுதியைக் கொடுத்திருக்கிறது எனலாம்.

அப்படியானால் பழம் தட்டிலிருந்து விழாமல் பிடித்துக்கொள்வது எது? தோள்பட்டை எலும்பிலிருந்து புறப்படும் நான்கு சிறு தசைகளே முக்கியமாக அந்த வேலையைச் செய்கின்றன. அவை கயிறு போன்ற தசைநாண்களாகக் குறுகி, மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பற்றியிருக்கின்றன. இவற்றைச் சுழல் தசைகள் என்று அழைப்போம். கண்ணாடியில் பார்த்துப் பெருமைப்படும் நெஞ்சுத் தசையும் தோளின் வெளிப்புறத் தசையும் பெரியவை. அவை கையை ஓங்கச் செய்கின்றன. சுழல் தசைகள் வெளியே தெரியாதவை. பெரிய தசைகள் எலும்பை இழுக்கும்போதெல்லாம் அது குழியை விட்டு நழுவாமல் காப்பவை இவையே. மேடையில் ஆடுபவர்களை எல்லாரும் பார்ப்போம். திரைக்குப் பின்னே கயிற்றைப் பிடித்திருப்பவரைப் பார்ப்பதில்லை. ஆனால் அவர் கைவிட்டால் திரை விழுந்துவிடும்.

சுழல் தசைநாண்களுக்கு மேலே, கூரை போல் ஓர் எலும்பு நீட்டிக்கொண்டிருக்கிறது. கூரைக்கும் தசைநாணுக்கும் இடையே ஒரு சிறு நீர்ப்பை மெத்தை போல் அமைந்துள்ளது. தசைநாண் தாங்கக்கூடியதைவிட அதிகமான சுமை நாள்தோறும் விழுந்தால் அது நொந்துபோகும், நீர்ப்பையும் வீங்கக்கூடும். அப்போது கையைப் பக்கவாட்டில் உயர்த்தினால் முதலில் வலிக்காது. ஏறக்குறைய 60 பாகையிலிருந்து 120 பாகைவரை சுருக்கென்று வலிக்கும். அதற்குமேல் வலி குறையும். வலி தோளின் முனையில் மட்டும் நிற்காமல் மேற்கையின் வெளிப்புறமாக இறங்கும். இரவில் அந்தப் பக்கமாகச் சாய்ந்து படுக்க முடியாது. பளுப் பயிற்சியால் வரும் தோள்வலியில் பெரும்பான்மை இவ்வகையைச் சேர்ந்ததே.

தசை வேறு, தசைநாண் வேறு என்பதை இங்கே கவனிக்க வேண்டும். தசைக்கு இரத்த ஓட்டம் அதிகம். சில வாரப் பயிற்சியிலேயே அது வலுப்பெறத் தொடங்கிவிடும். தசைநாண் மெதுவாகவே மாறும். அதற்குப் பல மாதங்கள் ஆகும். ஆகவே "என்னால் தூக்க முடிகிறதே" என்று ஓர் இளைஞர் சொல்லும்போது, அது அவருடைய தசையின் பேச்சு. தசைநாண் இன்னும் ஆயத்தமாகியிருக்காது.

இப்போது நம் தோட்டத்துக்கு வருவோம். நம்மிடம் படித்த மாணவர் ஒருவர், வயது 22. காலையில் செம்பனைக் குலை வெட்டுகிறார். மாலையில் பளு தூக்குகிறார். பட்டணத்தில் நடக்கவிருந்த உடற்கட்டுப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள அவருக்கு ஆசை. ஒரு நாள் பள்ளி வேலிக்கு அருகில் அவரைக் கண்டோம். சட்டைப் பையிலிருந்த கைப்பேசியை வலது பக்கத்திலிருந்து இடது கையால் எடுத்தார்.

"ஏன் தம்பி, கைக்கு என்ன?" என்று கேட்டோம்.

"ஒண்ணும் இல்லை சார், கொஞ்சம் சுளுக்கு" என்றார்.

அந்தச் சுளுக்குக்கு அப்போது இரண்டு மாத வயது! முதலில் வலியைப் பொறுத்துக்கொண்டு தொடர்ந்து தூக்கியிருக்கிறார். பிறகு ஒருவர் கட்டிலில் படுக்க வைத்து எண்ணெய் போட்டு அழுத்தி உருவியிருக்கிறார். இன்னொருவர் கையைப் பிடித்து இழுத்துச் சொடுக்கெடுத்திருக்கிறார். வலி கூடியதே தவிரக் குறையவில்லை. வேலைக்குப் போகாவிட்டால் குலைக் கணக்கு குறையும், சம்பளம் குறையும் என்பதால் வலி மாத்திரையை விழுங்கிக்கொண்டு வேலைக்குப் போயிருக்கிறார். வீட்டில் தங்கை ஆறாம் படிவத்தில் படிக்கிறாள். அவர் தோளில் அந்தக் குடும்பத்தின் அரிசிப் பானையும் தொங்கிக்கொண்டிருந்தது.

அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, "ஒரு நாளில் நீங்கள் தூக்கும் எடையை எழுதுங்கள்" என்றோம். பெஞ்சில் படுத்து நெஞ்சிலிருந்து மேலே தள்ளியது, தலைக்கு மேல் தூக்கியது, பிடரிக்குப் பின்னே இறக்கியது என்று மாலைக் கணக்கை மட்டும் ஒழுங்காக எழுதினார். காலைக் கணக்கை எழுதவில்லை. "அது வேலை சார்" என்றார்.

நேயர்களே, இன்றைய பேச்சின் கருத்தே இதுதான். தோளுக்கு வேலை என்றும் பயிற்சி என்றும் பாகுபாடு தெரியாது. சுமை ஒன்றுதான் தெரியும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் ஒரு நாளில் 80 குலைகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுகிறார். ஒரு குலை 15 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 80 குலைக்கு 1,200 கிலோ. அதாவது ஒரு டன்னுக்கும் மேல். நீண்ட கம்பின் நுனியில் அரிவாளைப் பூட்டி, அண்ணாந்து, தலைக்கு மேலே கைகளை வைத்து இழுத்து வெட்டிய உழைப்பு இந்தக் கணக்கில் சேரவில்லை. பால்மரத்துத் தோட்டங்களில் காண்டா கம்பின் இரு முனையிலும் வாளியைத் தொங்கவிட்டுப் பால் சுமந்த நம் தாய்மார்களுக்கும் இது தெரியும். அலுவலக நாற்காலியில் எட்டு மணி நேரம் உட்கார்ந்தவருக்காக எழுதப்பட்ட பயிற்சி அட்டவணையை, காலையில் ஒரு டன் தூக்கியவர் அப்படியே பின்பற்றினால் தோள் என்ன செய்யும்? வலி என்ற ஒன்றைத் தவிர அதற்கு வேறு பேச்சு கிடையாது.

சுமை மிகுதியாவது முதற்காரணம். இரண்டாவது காரணம், முன்பக்கத் தசைகளை மட்டும் வளர்ப்பது. நெஞ்சைத் தள்ளிப் பெருக்குவதில் காட்டும் ஆர்வத்தை முதுகுப் பக்கம் இழுத்துச் செய்யும் பயிற்சியில் காட்டுவதில்லை. ஒரு பக்கம் மட்டும் இழுத்துக் கட்டிய பந்தல் எப்படி நேராக நிற்கும்?

மூன்றாவது காரணம், தவறான முறை. பெஞ்சில் படுத்துத் தள்ளும்போது இரு முழங்கைகளையும் சிலுவை போல் விரித்து வைத்தல், பளுவைப் பிடரிக்குப் பின்னே இறக்குதல், பளுவை உடம்போடு ஒட்டி முகவாய்வரை இழுத்தல் ஆகியவை நொந்த தோளை மேலும் நோகச் செய்பவை. எடை மிஞ்சினால் முறையும் கெட்டுவிடும். ஒலிம்பிக் விளையாட்டுகளில் பளுவை நின்றவாறே தோளிலிருந்து தலைக்கு மேல் தள்ளும் போட்டி ஒன்று முன்பு இருந்தது. 1972-ஆம் ஆண்டு மியூனிக் ஒலிம்பிக்குக்குப் பிறகு அதை நீக்கிவிட்டனர். தோளால் தள்ள வேண்டியதை, வீரர்கள் முதுகைப் பின்னே வளைத்து நெஞ்சின் உதவியால் தள்ளினர். எது சரி, எது தவறு என்று தீர்ப்புக் கூறுவது நடுவர்களுக்குக் கடினமாயிற்று. உலக வீரர்களே அப்படியென்றால், சிமெண்டு டின் தூக்கும் நம் பிள்ளைகள் எம்மாத்திரம்?

நான்காவது காரணம், ஓய்வின்மை. ஒரே தசைக்குக் கடும் பயிற்சி கொடுத்தபின் ஏறத்தாழ 48 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். வலிமை கூடுவது தூக்கும்போதன்று. தூக்கியபின் உண்டு உறங்கும்போதுதான்.

சரி, வலி வந்துவிட்டது. என்ன செய்வது? முதல் சில நாள்களில் வலியைத் தூண்டும் பயிற்சியை நிறுத்துங்கள். ஆனால் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அசைக்காமலே வைத்திருக்க வேண்டா. அசையாத தோள் விரைவில் இறுகிவிடும். பனிக்கட்டியைத் துணியில் சுற்றிப் பத்து முதல் பதினைந்து நிமிடம் வைக்கலாம். வெறும் பனிக்கட்டியைத் தோலின்மேல் வைக்கலாகாது. பின்னர் இளஞ்சூட்டு ஒத்தடம் இதமாக இருந்தால் அதையும் கொடுக்கலாம். மெதுவாக எண்ணெய் தடவுவதில் தவறில்லை. புதிதாக நொந்த இடத்தை அழுத்தி உருவுவதும், கையைப் பிடித்து வெடுக்கென்று இழுப்பதும் கூடா. இரவில் வலிக்காத பக்கமாகவோ மல்லாந்தோ படுத்து, வலிக்கும் கைக்கு அடியில் ஒரு தலையணையை வையுங்கள்.

வலி மாத்திரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மாத்திரை வலியை மறைக்கும், தசைநாணுக்கு வலுவூட்டாது. சில வகை வலி மாத்திரைகளை நாள்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகத்துக்கும் கேடு. காய்ச்சல் இருக்கும்போது, அது டிங்கியாகவும் இருக்கலாம் என்பதால், ஆஸ்பிரின், ஐபுபுரூபன் ஆகியவற்றை மருத்துவர் சொல்லாமல் தொடவே கூடாது. தோளில் போடும் ஊசியும் அவ்வாறே. அது சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கக்கூடும். வலி போய்விட்டது என்று மறுநாளே பழைய எடையைத் தூக்கினால் முன்னிலும் மோசமாகும்.

வலி சற்றுத் தணிந்ததும் தொடங்கத்தக்க மூன்று பயிற்சிகளைச் சொல்கிறோம். செலவு ஏதும் இல்லை.

முதலாவது, ஊசல் பயிற்சி. பாஸ்டன் நகரத்து அறுவை மருத்துவர் காட்மன் என்பவரின் பெயரால் இது அறியப்படுகிறது. நல்ல கையை மேசைமீது ஊன்றிக் குனிந்து நில்லுங்கள். வலிக்கும் கையைக் கிணற்றுக் கயிறு போல் தளரத் தொங்கவிடுங்கள். உடம்பை மெல்ல ஆட்டினால் கை தானே முன்னும் பின்னும், வட்டமாகவும் ஆடும். ஓரிரு நிமிடம் போதும். நாளுக்கு இரண்டு மூன்று முறை செய்யலாம்.

இரண்டாவது, சுழல் தசைக்கான பயிற்சி. பழைய சைக்கிள் டியூப் ஒன்றை எடுத்து, நீளவாக்கில் கீறி, ஒரு முனையைக் கதவுப் பிடியிலோ தூணிலோ இடுப்பு உயரத்தில் கட்டுங்கள். முழங்கையை ஒரு கோணமட்டம் போல் மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே சிறு துண்டைச் சுருட்டி வைத்துக்கொள்ளலாம். துண்டு விழுந்தால் முறை தவறிவிட்டது என்று பொருள். இப்போது டியூபின் மறுமுனையைப் பிடித்து, முன்கையை மட்டும் கதவு திறப்பது போல் வெளிப்பக்கம் மெதுவாகத் திருப்புங்கள். அதைவிட மெதுவாகத் திரும்ப விடுங்கள். பத்து முதல் பதினைந்து முறை செய்து, சற்று ஓய்ந்து, மீண்டும் ஒரு முறையோ இரு முறையோ செய்யுங்கள். மறுபக்கம் திரும்பி நின்று உட்பக்கம் இழுப்பதையும் இவ்வாறே செய்யலாம். நூறு கிலோ தள்ளும் ஆண்மகனுக்கு டியூபை இழுப்பதா என்று நாணம் வரலாம். அந்த நாணத்தை விட்டவர்களே குணமடைகின்றனர்.

மூன்றாவது, படகுத் துடுப்பை இழுப்பது போன்ற பயிற்சி. அதே டியூபை நெஞ்சு உயரத்தில் கட்டி, இரு கைகளாலும் பிடித்து, முழங்கைகளைப் பின்னே இழுத்து, தோள்பட்டை எலும்புகள் இரண்டையும் முதுகில் நெருங்கச் செய்யுங்கள்.

டியூபு பயிற்சிகளை வாரத்துக்கு மூன்று நாள் வீதம் பன்னிரண்டு வாரமாவது செய்ய வேண்டும். பயிற்சியின்போது சிறிது வலிக்கலாம். வலியே இல்லாமைக்குச் சுழியும், தாங்கமுடியாத வலிக்குப் பத்தும் மதிப்பெண் என்றால், மூன்றுக்குமேல் போகக்கூடாது. மறுநாள் காலையில் முன்னிலும் அதிகமாக வலித்தால், செய்தது அதிகம், குறையுங்கள். பிள்ளைகளின் தேர்வுத்தாள் போல் நாள்தோறும் மதிப்பெண் எழுதி வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும்.

"அறுவை செய்தால் உடனே சரியாகிவிடாதா?" என்று கேட்போர் உண்டு. 1972-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் நியர் என்பவர், கூரை எலும்பு தசைநாணில் உராய்வதே இந்த வலிக்குக் காரணம் என்று கூறி, அந்த எலும்பைச் சிறிது செதுக்கும் முறையை விளக்கினார். பல்லாண்டுகள் பல நாடுகளில் இதைச் செய்துவந்தனர். 2018-இல் பிரிட்டனில் வெளியான ஆய்வொன்றில், ஒரு சாரார்க்கு எலும்பைச் செதுக்கினர். மற்றொரு சாரார்க்குக் குழாய்க் கருவியால் உள்ளே பார்த்ததோடு நிறுத்திக்கொண்டனர். வலி குறைவதில் இரு சாராருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே இவ்வகை வலிக்கு முறையான பயிற்சியே முதல் மருந்து என்று இன்று கருதப்படுகிறது. விபத்தில் தசைநாண் அறுந்துபோவது வேறு. அதற்கு அறுவை தேவைப்படலாம்.

சில அறிகுறிகள் தோன்றினால் வீட்டு வைத்தியத்தை விட்டுவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். விழுந்தபின்போ பளு வழுக்கியபின்போ தோளின் உருவம் மாறியிருந்தால் மூட்டு விலகியிருக்கலாம். அதை அங்கேயே இழுத்துப் பொருத்த முயலக்கூடாது. நரம்பும் இரத்தக் குழாயும் சேதமடையும். கையைத் தாங்கிப் பிடித்தவாறு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். இளம் வயதில் ஒரு முறை விலகிய தோள் மீண்டும் விலகும் வாய்ப்பு அதிகம். ஆகவே பிறகும் மருத்துவரின் ஆலோசனை தேவை. திடீரென்று கையை உயர்த்தவே முடியாமற் போதல், விரல்களில் மரமரப்பு, காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்குதல் ஆகியவையும் அவ்வாறே. தோளில் வலி தோன்றி, அதோடு நெஞ்சு இறுக்கமும் வியர்வையும் மூச்சுத்திணறலும் இருந்தால், அது தோளின் நோயன்று, மாரடைப்பாக இருக்கலாம். ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள்.

நாற்பது வயதைத் தாண்டிய நேயர்களுக்கும் ஒரு சொல். பளு தூக்காமலே தோள் வலித்து, நாளடைவில் எப்புறமும் திரும்பாமல் இறுகிப் போவதும் உண்டு. நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு இது அதிகம் வருகிறது. தலை வாரவும், கொடியில் துணி காயப் போடவும் முடியாமல் தாயார் திண்டாடுவதைப் பிள்ளைகள் கண்டால், இரத்தத்தில் சர்க்கரையைச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் மக்களிடையே நீரிழிவு மிகுதி என்பதை நாம் மறக்கலாகாது.

இனி, குணமடைந்தவர் மீண்டும் பளுவைத் தொடுவது எப்படி? முன்பு தூக்கிய எடையில் பாதியோடு தொடங்குங்கள். ஒரு முறைக்குப் பத்தில் ஒரு பங்குக்குமேல் கூட்ட வேண்டா. 20 கிலோ தூக்குபவர் 22-க்குப் போகட்டும்; 30-க்குத் தாவ வேண்டா. தூக்குமுன் ஐந்து பத்து நிமிடம் கைகளைச் சுழற்றி, வெறும் குழாயைத் தூக்கி உடம்பைச் சூடேற்றுங்கள். பெஞ்சில் தள்ளும்போது முழங்கைகளை விலாவுக்குச் சற்று அருகில், 45 பாகை அளவில் வையுங்கள். ஒரு முறை தள்ளினால் ஒரு முறையேனும் இழுங்கள். தனியாகப் பெஞ்சில் படுத்துத் தூக்க வேண்டா. தலைமாட்டில் ஒரு துணைவர் நிற்கட்டும். குலை வெட்டிய நாளில் தோள் பயிற்சியை விட்டுக் கால், இடுப்புப் பயிற்சி செய்யுங்கள். தோளுக்கு ஓய்வு நாளை ஒதுக்குங்கள். விரைவில் உடம்பைப் பெருக்கும் என்று சொல்லி யாராவது விற்கும் ஊசியையும் மாத்திரையையும் அண்ட விடாதீர்கள். அவை தசையைப் பெருக்கினாலும் இதயத்தையும் ஈரலையும் கெடுக்கக்கூடியவை.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகன் வலி என்று சொன்னால், "எல்லாம் அந்தக் கம்பியைத் தூக்கியதால் வந்தது" என்று ஏசாதீர்கள். ஏச்சுக்கு அஞ்சித்தான் பிள்ளைகள் வலியை மறைக்கின்றனர். மறைத்த வலி வளர்கிறது. மருத்துவரிடம் வேலையையும் பயிற்சியையும் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். வேலையிடத்தில் அடிபட்டிருந்தால் அன்றே மேற்பார்வையாளரிடம் தெரிவிக்க வேண்டும். தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி அதைச் சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது விதி. "சுளுக்குத்தானே" என்று விட்டுவிட்டால் பிறகு உரிமையைக் கேட்பது கடினம்.

நாம் சொன்ன அந்த மாணவரை அரசாங்கச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். அங்கிருந்து பிசியோதெராபி பிரிவுக்கு அனுப்பினார்கள். மருத்துவரின் கடிதத்தைக் காட்டியபின், வேலையில் சில வாரங்களுக்குக் குலை வெட்டுவதை விட்டு உதிரிப் பழம் பொறுக்கும் வேலை கொடுத்தனர். வருமானம் குறைந்தது, அந்த வீட்டில் அந்த மாதங்கள் எளிதாகக் கழியவில்லை. நான்கு மாதத்தில் கை தலைக்கு மேல் வலியின்றி எழுந்தது. அந்த ஆண்டின் போட்டி கைநழுவிப் போயிற்று. அதைப் பற்றி அவருக்கு இன்னும் வருத்தம்தான்.

அண்மையில் ஒரு மாலை அவர் வீட்டுப் பின்புறத்தில் எட்டிப் பார்த்தோம். தூணில் சைக்கிள் டியூப் தொங்கியது. சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அதில் இரண்டு பத்திகள்: ஒன்றில் காலைக் கணக்கு, மற்றொன்றில் மாலைக் கணக்கு. பக்கத்து வீட்டுப் பையன்கள் இருவர் அதைப் பார்த்துத் தங்களுக்கும் அதுபோல் கோடு போட்டுக்கொண்டிருந்தனர்.

உங்கள் வீட்டிலும் பளு தூக்கும் பிள்ளை இருந்தால், இன்றிரவே ஒரு தாளில் இரண்டு பத்தி போட்டுக் கொடுங்கள். காலையில் தூக்கியதை முதலில் எழுதச் சொல்லுங்கள்.